சமநிலைப் படை என்றால் எல்லாவற்றிலும் ஒன்றொன்றா? (வார்ஹாமர் 40கே பொம்மைப் போர் மேசை விளையாட்டு, 2000 புள்ளி)

புதுப்பெயின்ட் | 19 அக்டோபர் 2024, இரவு 10:42

என் படை ஸ்பேஸ் மரீன்ஸ், கிளேடியஸ் டிட்டாச்மென்ட் (படைக்கான விதித்தொகுதி), யூனிட்டுகளின் விலை மொத்தம் 2000 புள்ளி. இரண்டு நாள், ஐந்து ஆட்டப் போட்டி. எதிரே யார் உட்காருவார்கள் என்று தெரியாது. அதனால் எதையும் விடாமல் எல்லா வகையிலும் ஒன்று எடுத்திருக்கிறேன்: டெர்மினேட்டர் கவசத்தில் கேப்டன், ஒரு லெப்டினன்ட், இன்டர்செஸர் 5, ஹெல்பிளாஸ்டர் 5, டெவஸ்டேட்டர் 5 (நாலு லேஸ்கேனன், வண்டி உடைக்கும் துப்பாக்கி), டெர்மினேட்டர் 5, பிளேட்கார்ட் 3, இன்செப்டர் 3, எராடிகேட்டர் 3, அவுட்ரைடர் 3, வண்டிகளில் ரிடெம்ப்டர் (நடக்கும் போர் இயந்திரம்) ஒன்று, விர்ல்விண்ட் ஒன்று, விண்டிகேட்டர் ஒன்று, லேண்ட் ரெய்டர் ஒன்று. 2000-க்குள் அடங்குகிறது. சமநிலை என்றால் இதுதானே? எங்கே ஓட்டை, சொல்லுங்கள்.

பகடைக்காய் | 20 அக்டோபர், காலை 7:15

தம்பி, இது சமநிலை இல்லை, மாதிரிப் பெட்டி. கண்ணாடி அலமாரியில் வைத்தால் அழகாக இருக்கும்.

யூனிட்டை எண்ணாதே, வேலையை எண்ணு. ஒரு தாளில் வேலைகளை எழுது: வீட்டு அப்ஜெக்டிவில் (உன் பக்கத்து மார்க்கர், பிடித்தால் புள்ளி தரும் இடம்) உட்காருவது, நடுவில் இருப்பதைப் பிடிப்பது, வண்டி உடைப்பது, கவசம் கனத்த காலாட்படையை வெட்டுவது, கூட்டத்தைக் குறைப்பது, மூலைக்கு ஓடி செகண்டரி (கார்டு கேட்கும் பக்கவேலைக்கான புள்ளி) எடுப்பது, முதுகுப்பக்கம் எவனும் இறங்காமல் அடைப்பது. ஏழு வேலை. இப்போது ஒவ்வொரு வேலைக்கும் எதிரே உன் யூனிட்டுகளை எழுது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேராவது வர வேண்டும்.

உன் பட்டியலில் வண்டி உடைக்க ஐந்து பேர் இருக்கிறார்கள். மூலைக்கு ஓட அவுட்ரைடர் மட்டும். முதுகை அடைக்க ஆளே இல்லை. வீட்டில் உட்கார இன்டர்செஸர் ஐந்து பேர். அவர்கள் செத்தால் 240 புள்ளி லேண்ட் ரெய்டர் வீட்டுக்காவல் பார்க்கும்.

இரண்டு பேர் ஏன் என்றால், எதிரியும் உன் லிஸ்டைப் படிக்கிறான். ஒரே ரிடெம்ப்டர் இருந்தால் முதல் சுற்றில் அவன் துப்பாக்கி எல்லாம் அதன் பக்கம் திரும்பும். ஒரு யூனிட் மூன்றாம் சுற்று வரை பிழைக்க 60 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், ஒன்று மட்டும் இருக்கும்போது அந்த வேலை நடக்க 60. இரண்டு இருந்தால் ஒன்றாவது மிஞ்ச 84. தவிர, எதைச் சுடுவது என்று அவனுக்கும் குழப்பம். அது கணக்கில் வராத லாபம்.

பகடைக்காய் | 20 அக்டோபர், காலை 7:40

புள்ளிக்கணக்கைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இந்தப் பரையா நெக்ஸஸ் சீசனில் (2024-இன் போட்டி மிஷன் தொகுப்பு) ஆட்டத்துக்கு மொத்தம் 100. பிரைமரிக்கு (அப்ஜெக்டிவ் பிடிப்பது போன்ற முக்கிய வேலைக்கு) 50 வரை, செகண்டரிக்கு 40 வரை, பெயின்ட் அடித்து பேஸ் முடித்த படைக்கு 10. கொல்வதற்கென்று தனியாக ஒன்றும் கிடையாது. சில கார்டுகள் கொன்றால் தரும், அவ்வளவுதான். நாலாம் சுற்றில் எதிரியிடம் பத்து பேர் மட்டும் மிஞ்சியிருக்க, 20 புள்ளி வித்தியாசத்தில் தோற்பவர்கள் எல்லாப் போட்டியிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய லிஸ்டும் உன்னுடையது மாதிரிதான் இருக்கும்.

ஐந்து சுற்றில் முதல் சுற்றுக்கு பிரைமரி கிடையாது. இரண்டிலிருந்துதான் எண்ணுவார்கள், அதுவும் உன் கமாண்ட் கட்டத்தில் (உன் டர்னின் தொடக்கம்). அதாவது போன முறை நீ பிடித்த இடத்தில், எதிரியின் முழு டர்ன் முடிந்த பிறகும் நிற்க வேண்டும். ஓடிப் போய்த் தொடும் யூனிட் ஒன்று, தொட்டபின் தாங்கும் யூனிட் இன்னொன்று. இரண்டையும் ஒருவரே செய்வார் என்று எதிர்பார்க்காதே.

பகடைக்காய் | 20 அக்டோபர், இரவு 9:05

லேஸ்கேனன் கணக்கு. நாலு லேஸ்கேனன் இருப்பதால் வண்டிக்குக் கவலை இல்லை என்று நினைத்திருப்பாய்.

எதிரே ரிடெம்ப்டர்: டஃப்னஸ் (உறுதி) 10, வூண்ட் (உயிர்) 12, சேவ் 2+ (பகடையில் 2 அல்லது மேலே விழுந்தால் கவசம் தடுக்கும்). உன் லேஸ்கேனன் பலம் 12, ஏபி (எதிரி சேவைக் குறைப்பது) -3, டேமேஜ் டி6+1 (ஒரு பகடையோடு ஒன்று). 3+ இல் பட வேண்டும் (2/3). 12, 10-ஐ விட அதிகம் என்பதால் 3+ இல் வூண்ட் (2/3). சேவ் 5+ ஆகும், அவன் தவறவிட 2/3. பெருக்கினால் 8/27. சராசரி டேமேஜ் 4.5 என்றால் ஒரு குண்டுக்கு 1.33, நாலுக்கு 5.3. இரண்டே கால் சுற்று சுட்டால் ஒரு ரிடெம்ப்டர். ஐந்து சுற்று ஆட்டத்தில் அது மோசம்தான், ஆனால் படுமோசம் இல்லை.

மூலைக்கோபுரம் | 21 அக்டோபர், மதியம் 1:20

அண்ணே, இரண்டு இடத்தில் வழுக்கிவிட்டீர்கள். ரிடெம்ப்டருக்கு டேமேஜில் ஒன்று கழியும். இரண்டாவது, டெவஸ்டேட்டர் தோளில் சுமக்கும் லேஸ்கேனன் 4+ தான். ஹெவி என்பதால் அசையாமல் நின்றால் மட்டும் 3+.

பகடைக்காய் | 21 அக்டோபர், மதியம் 2:02

சரி. ஒப்புக்கொள்கிறேன், திருத்திப் போடுகிறேன்.

நின்று சுட்டால்: 8/27 × 3.5 = 1.04. நாலுக்கு 4.15. ரிடெம்ப்டரை வீழ்த்தக் கிட்டத்தட்ட மூன்று முழுச் சுற்று. நகர்ந்து சுட்டால் படுவது 1/2, நாலுக்கு 3.1, நாலு சுற்று. இதை நம்பி ஐந்து சுற்று ஆட்டத்துக்கு வந்தால் காலி.

சராசரியை விட மோசமான ஒன்று இருக்கிறது. நாலு குண்டும் நின்றபடியே சுட்டு ஒன்றுகூட உள்ளே போகாமல் இருக்க என்ன வாய்ப்பு? (19/27)-ஐ நாலு முறை பெருக்கு: 24.5 சதவீதம். நாலு ஆட்டத்தில் ஒரு ஆட்டம், நீ முக்கியமாக நினைத்த அந்த ஒரு சுற்றில், பகடை கையை விரித்துவிடும். நகர்ந்து சுட்டால் 36.6. இது கெட்ட நேரம் இல்லை, கணக்கிலேயே எழுதியிருக்கிற விஷயம். ‘டைஸ் கைவிட்டுவிட்டது’ என்று போட்டி முடிந்து புலம்புபவர்களில் பாதிப் பேர் டைஸைத் திட்டக் கூடாது, லிஸ்டைத் திட்ட வேண்டும்.

ஓத் ஆஃப் மொமன்ட் (ஒரு எதிரி யூனிட்டைக் குறிவைக்கும் ஸ்பேஸ் மரீன் விதி) எதிரியின் அந்த யூனிட் மேல் வைத்தால் படுவதைத் திரும்ப உருட்டலாம், 2/3 என்பது 8/9 ஆகும், நாலுக்கு 5.5. ஆனால் ஓத் ஒரு யூனிட்டுக்குத்தான். எதிரி இரண்டு ரிடெம்ப்டர் கொண்டுவந்தால் இரண்டாவதுக்கு என்ன செய்வாய்?

புதுப்பெயின்ட் | 21 அக்டோபர், இரவு 11:31

அப்போ மெல்டா, எராடிகேட்டர் கையிலிருக்கும் அந்தக் கிட்டத்துத் துப்பாக்கி? எராடிகேட்டரை இரண்டாக்கிவிடட்டுமா?

பகடைக்காய் | 22 அக்டோபர், காலை 6:50

மெல்டா என்றாலே வண்டி செத்தது என்பது போன பதிப்பு நினைப்பு. பத்தாம் பதிப்பு 2023 ஜூனில் வந்தபோது வண்டிகளின் டஃப்னஸை 9, 10, 12 என்று ஏற்றிவிட்டு மெல்டாவை 8-இலிருந்து 9-க்கு மட்டும் உயர்த்தினார்கள். பலம் 9, டஃப்னஸ் 10 மேல் 5+ தான். மூன்றில் ஒன்று. டஃப்னஸ் 12 லேண்ட் ரெய்டர் மேலும் அதே 5+.

எராடிகேட்டருக்கு ஒரு சலுகை: வண்டி, மான்ஸ்டர் மேல் சுடும்போது திரும்ப உருட்டலாம். அதனால் 1/3 என்பது 5/9 ஆகிறது. ஆக எராடிகேட்டர் சரி, வெறும் மெல்டா துப்பாக்கி சரியில்லை. அவர்களும் 18 அங்குலத்துக்குள் வர வேண்டும், மெல்டாவின் கூடுதல் டேமேஜ் வேண்டுமானால் 9 அங்குலத்துக்குள். மூன்று பேர் 9 அங்குலத்தில் நின்றால் அடுத்த டர்ன் இருக்க மாட்டார்கள். ஒரு முறை சுடும் தோட்டா என்று நினைத்து எடு. ஒன்று போதும். இரண்டாவது வண்டி உடைப்பான் தூரத்திலிருந்து சுடுபவனாக இருக்கட்டும்: பாலிஸ்டஸ் ட்ரெட்நாட் நகர்ந்தாலும் 3+ இல் சுடும், தானும் எளிதில் சாகாது.

ஒரே வேலைக்கு இரண்டு பேர் என்றால் ஒரே மாதிரி இரண்டு பேர் என்று அர்த்தமில்லை. ஒருவனுக்கு ஆகாத எதிரி இன்னொருவனுக்கு ஆக வேண்டும்.

பகடைக்காய் | 22 அக்டோபர், மாலை 5:48

டேமேஜ் 2-ஐப் பற்றி ஒரு சின்னது. ஹெல்பிளாஸ்டர் பிளாஸ்மாவை அதிகச் சூட்டில் சுட்டால் டேமேஜ் 2. மரீன் வூண்ட் 2, ஒரு குண்டு ஒரு ஆள், கச்சிதம். அதே துப்பாக்கி வூண்ட் 3 கஸ்டோடியன் மேல் போனால் ஒரு ஆளுக்கு இரண்டு குண்டு உள்ளே போக வேண்டும்; நாலு டேமேஜில் ஒன்று வீண். டேமேஜில் ஒன்று கழிக்கும் ஆள் மேல் போனால் பாதி வீண். ஆகவே கவசக் காலாட்படையை வெட்டும் இரண்டு பேரில் ஒருவன் 2, ஒருவன் 3 என்று இருந்தால் நல்லது.

மூலைக்கோபுரம் | 23 அக்டோபர், இரவு 8:15

ஓசியை (அப்ஜெக்டிவ் கண்ட்ரோல், மார்க்கரைப் பிடிப்பதில் ஒரு ஆளின் எடை) யாரும் தொடவில்லையே?

பகடைக்காய் | 23 அக்டோபர், இரவு 9:30

தொடுகிறேன். டெர்மினேட்டர் ஐந்து பேர், ஆளுக்கு ஓசி 1, மொத்தம் 5. இன்டர்செஸர் ஐந்து பேர், ஆளுக்கு 2, மொத்தம் 10. டெர்மினேட்டர் விலை இன்டர்செஸரைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஒரே மார்க்கரில் இரண்டு யூனிட்டும் நின்றால், இன்டர்செஸரில் மூன்று பேர் பிழைத்திருந்தாலே 6-க்கு 5 என்று இடம் அவனுடையது. டெர்மினேட்டரை நடுவில் நிறுத்திவிட்டு ‘பிடித்துவிட்டேன்’ என்று நினைப்பது புதியவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு. டெர்மினேட்டர் பிடிப்பவன் இல்லை, அங்கே இருப்பவனைத் துரத்துபவன். துரத்தியபின் பின்னால் வருகிற ஐந்து இன்டர்செஸர் உட்கார வேண்டும்.

பாட்டில்ஷாக் மறந்துவிடாதே. பாதிக்குக் கீழே போன யூனிட் சோதனையில் தோற்றால் ஓசி பூஜ்யம். பத்து பேர் ஒரு யூனிட்டாக இருப்பதை விட ஐந்தைந்தாக இரண்டு யூனிட் நல்லது என்பதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, இன்டர்செஸர் ஒரு மார்க்கரை ஒரு கமாண்ட் கட்டத்தின் முடிவில் கையில் வைத்திருந்தால் அது ஒட்டிக்கொள்ளும். நகர்ந்து போனாலும் எதிரி வந்து பிடிக்கும்வரை உன்னுடையதுதான். அதாவது 80 புள்ளிக்கு வீட்டுக்காவலும் உண்டு, இரண்டாம் சுற்றிலிருந்து ஒரு நடமாடும் யூனிட்டும் உண்டு. உன் லிஸ்டில் இருப்பதிலேயே மலிவான, நல்ல சாமான் அதுதான். அதைத்தான் ஒன்றோடு நிறுத்தியிருக்கிறாய்.

பகடைக்காய் | 25 அக்டோபர், காலை 8:10

முதுகை அடைப்பது. இதுதான் எல்லாரும் ‘தெரியும் தெரியும்’ என்று தாண்டிப் போகும் இடம். டேப்பை எடுத்து மேசையில் வைத்துப் பார்.

ஆழத்தில் இறங்கும் (டீப் ஸ்டிரைக், ஆட்டத்தின் நடுவே ரிசர்வில் இருந்து மேசையில் வரும்) யூனிட் உன் எந்த வீரனிலிருந்தும் 9 அங்குலத்துக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். 32 மிமீ பேஸ் என்பது 1.26 அங்குலம். உன் இரு வீரர்களுக்கு இடையே 9 + 9 + 1.26, அதாவது 19.26 அங்குலம் வரை இடைவெளி விடலாம். நடுவில் அவன் பேஸ் நுழையாது. மேசை ஓரத்துக்கும் உன் வீரனுக்கும் இடையே 10.26 வரை விடலாம்.

ஐந்து இன்டர்செஸரை ஒரே வரிசையில் நீட்டினால், ஆளுக்கு ஆள் 2 அங்குலம், நாலு இடைவெளி 8, ஐந்து பேஸ் 6.3, மொத்தம் 14.3. இருபக்கமும் 10.26 சேர்த்தால் 34.8. ஹாமர் அண்ட் ஆன்வில் என்ற கள அமைப்பு என்றால் உன் பின் ஓரம் 44 அங்குலம். ஒரு யூனிட் போதாது, இரண்டு வேண்டும். டான் ஆஃப் வார் என்றால் பின் ஓரம் 60. இரண்டு யூனிட் நீட்டினால் 14.3 + 14.3 + 19.26 + 10.26 + 10.26 = 68. ஆக 60-க்கும் இரண்டே போதும். மலிவான ஐந்தாள் யூனிட் இரண்டு இருந்தால் முதுகு பத்திரம்.

ஏழு பேரோ அதற்கு மேலோ உள்ள யூனிட்டை இப்படி ஒற்றை வரிசையில் நீட்ட முடியாது, ஒவ்வொருவரும் இரண்டு பேருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அங்கேயும் ஐந்தாள் யூனிட்டுக்குத்தான் லாபம்.

பகடைக்காய் | 25 அக்டோபர், இரவு 10:55

காலையில் போட்டதில் ஒரு பெரிய ஓட்டை. யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். அந்தக் கணக்கு வீரர்கள் மேசையின் பின் ஓரத்தில் ஒட்டி நின்றால்தான் சரி. யாரும் அப்படி நிற்பதில்லை. அப்ஜெக்டிவ் முன்னால் இருக்கிறது.

வரிசையை ஓரத்திலிருந்து 6 அங்குலம் முன்னால் வைத்தால், ஓரத்தில் 9 அங்குல வட்டம் பக்கவாட்டில் எவ்வளவு எட்டும்? 81-இல் 36 கழித்தால் 45; வர்க்கமூலம் 6.7. ஒன்பது இல்லை, ஆறே முக்கால்கூட இல்லை. இரண்டு யூனிட் நீட்டினாலும் 14.3 × 2 + 6.7 × 4 = 55.4. 60-இல் கிட்டத்தட்ட 5 அங்குலம் திறந்து கிடக்கும். அது ஒரே மூலையில் சேர்ந்தால் 32 மிமீ பேஸில் மூன்று பேர் அங்கே சுகமாக இறங்குவார்கள். உன் வீட்டு மார்க்கரும் போகும், அவனுக்குச் செகண்டரியும் கிடைக்கும்.

இரண்டு வழி. வரிசையை நேர்க்கோடாக வைக்காமல் கடைசி ஆள் இருவரைப் பின்னோக்கி வளைத்து ஓரத்துக்குக் கொண்டுபோவது. இல்லையென்றால் இன்ஃபில்ட்ரேட்டர் ஐந்து பேர்: அவர்களிடமிருந்து 12 அங்குலத்துக்குள் ரிசர்வில் இருந்து யாரும் வர முடியாது. 144-இல் 36 போனால் 108, 10.4. அதே 6 அங்குலம் முன்னால் நின்றும் ஒவ்வொரு பக்கமும் 3.7 அங்குலம் கூட. ஓட்டை அடைபடும்.

புதுப்பெயின்ட் | 26 அக்டோபர், காலை 9:02

தலை சுற்றுகிறது அண்ணே. நானும் இறங்குகிறேன், இன்செப்டரும் டெர்மினேட்டரும் ஆழத்தில் இறங்கி அப்படியே சார்ஜ் (கைகலப்புக்குப் பாய்வது) போடலாம் என்றுதான் எடுத்தேன்.

பகடைக்காய் | 26 அக்டோபர், காலை 9:20

இறங்கின டர்னில் சார்ஜுக்கு 9 வேண்டும். இரண்டு டைஸில் 9 அல்லது மேலே 36-இல் 10, 27.8 சதவீதம். திரும்ப உருட்டினால்கூட 47.8. நாணயம் சுண்டுவதை விட மோசம். டெர்மினேட்டரை அதற்காக எடுக்காதே. இன்செப்டர் சார்ஜுக்கு இல்லை, இறங்கிச் சுட்டு மூலையைப் பிடிக்க. அது சரி.

மூலைக்கோபுரம் | 29 அக்டோபர், மாலை 6:40

ஒரு மாற்றுக்கருத்து. எல்லா வேலைக்கும் இரண்டு பேர் என்றால் எதிலும் உச்சம் இருக்காது. நைட்ஸ் படை ஆடுபவன் சமநிலையே பார்ப்பதில்லை. ‘இத்தனை பெரிய வண்டிக்கு உன்னிடம் பதில் இருக்கிறதா’ என்று ஒரே கேள்வி கேட்கிறான். பாதிப் பேரிடம் இல்லை. ஜெயிக்கிறான்.

பகடைக்காய் | 29 அக்டோபர், இரவு 10:12

உண்மை. ஒருபக்கம் சாய்ந்த படை முதல் மூன்று ஆட்டம் சுலபமாகப் போகும். ஆனால் சுவிஸ் முறையில் ஜெயித்தவன் ஜெயித்தவனோடுதான் மோதுவான். நாலாவது, ஐந்தாவது ஆட்டத்தில் எதிரே உட்காருபவன் அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவன். இல்லாதவன் ஏற்கனவே கீழே போய்விட்டான். அதோடு பெரிய வண்டிகளே படை என்றால் எதிரி பிரிங் இட் டவுன் (வண்டி உடைத்தால் புள்ளி) செகண்டரியை ஃபிக்ஸடாக (ஆட்டம் முழுக்க மாறாததாக) எடுத்துக்கொள்வான், ஒரு ஃபிக்ஸடுக்கு 20 வரை. கேரக்டர் ஆறு பேர் வைத்தால் அசாசினேஷன் (கேரக்டரைக் கொன்றால் புள்ளி). உன் லிஸ்டே அவனுக்குச் சம்பளம் கொடுக்கும்.

டீம் போட்டி வேறு கதை. உலக டீம் சாம்பியன்ஷிப்பில் எட்டு பேர் ஒரு அணி. யார் யாரோடு ஆடுவது என்பதை இரு அணித் தலைவர்களும் தங்கள் ஆட்களை முன்வைத்துத் தீர்மானிக்கிறார்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் 20-0 முதல் 10-10 வரை. அங்கே சாய்ந்த படைக்கு மதிப்பு உண்டு. அதற்கு ஆகாத எதிரியிடம் அதை அனுப்பாமல் காப்பாற்றலாம். எதிரி யாராக இருந்தாலும் 8-12க்குக் கீழே போகாத படை ஒன்று முன்னால் போய் அடி வாங்கும். தனியாள் போட்டியில் உன்னைக் காப்பாற்ற அணித்தலைவன் இல்லை. அந்த அடி வாங்கும் படையும் நீதான், அடிக்கும் படையும் நீதான்.

ஆக நான் 20-ஆம் தேதி சொன்ன ‘ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு’ என்பதைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். ஏழு வேலையில் ஒன்றில் மூன்று பேர் இருக்கட்டும். ஸ்பேஸ் மரீனுக்கு அது கவசக் காலாட்படையை வெட்டும் வேலை. கையில் இருப்பதில் பாதி அதைச் செய்யும். கூட்டம் குறைக்க ஒன்றரை ஆள் போதும். அரை ஆள் யார் என்று கேட்காதே, போல்ட் ரைஃபிள்தான். இன்டர்செஸர் ஒருவன் 2 குண்டு, டஃப்னஸ் 3, சேவ் 5+ ஆள் மேல் சராசரி 0.74. ஐந்து பேர் 3.7. எவனும் அதற்காக எடுப்பதில்லை, ஆனால் ஒவ்வொரு சுற்றும் சும்மா கிடைக்கிறது.

பகடைக்காய் | 3 நவம்பர், மதியம் 3:33

நேரம். 3 மணி ஆட்டம், செஸ் கடிகாரம், ஆளுக்கு 90 நிமிடம். டெப்ளாய்மென்டுக்குப் (படையை மேசையில் நிறுத்துவது) பதினைந்து போனால் சுற்றுக்கு 15. நூறு பொம்மை வைத்து ஒவ்வொன்றுக்கும் 4 விநாடி என்றால் நகர்த்தவே ஏழு நிமிடம் போயிற்று. மரீன் படையில் 50 பேருக்குள்தான், பிரச்சினை இல்லை. ஆனால் விர்ல்விண்ட் மாதிரி நிறைய டைஸ் உருட்டி ஒன்றும் நடக்காத சாமான் நேரத்தைத் தின்னும். பார்க்காமல் சுட்டால் படுவதில் ஒன்று குறையும், எதிரிக்கு கவரும் (மறைவுப் பாதுகாப்பு) கிடைக்கும். 190 புள்ளி கொடுத்து அதை வாங்காதே.

ஆட்டம் பாதியில் நேரம் முடிந்தால் சமநிலைப் படை முதலில் பாதிக்கப்படும். அதன் புள்ளி நாலாம், ஐந்தாம் சுற்றில்தான் வரும்.

பகடைக்காய் | 3 நவம்பர், மதியம் 3:51

தடம் மாறுகிறேன், ஆனால் மறப்பதற்குள். கையில் ஆயுதம் மாற்ற காந்தம் வைப்பவர்களுக்கு: காலாட்படைக் கைக்கு 2×1 மிமீ நியோடைமியம் போதும். ஒட்டும் முன் ஒரே பக்கத்தில் மார்க்கரில் புள்ளி வை, எல்லாக் கைக்கும் அதே பக்கம் வெளியே. ஒரு கையைத் தலைகீழாக ஒட்டினால் அது மற்ற உடலோடு சேராது, உதைத்துக்கொண்டு நிற்கும். கழற்ற முயன்றால் தோள் பிய்ந்துவிடும். சூப்பர் குளூவை மூடிய பெட்டிக்குள் காயவிட்டால் பெயின்ட் மேல் வெள்ளைப் படலம் பூக்கும். திறந்த இடத்தில் காய வை. 10 புள்ளி பெயின்டுக்குத்தான் கொடுக்கிறார்கள், பேஸும் சேர்த்து. பேஸ் வெறும் கறுப்பாக இருந்தால் அது முடிந்ததாக எண்ண மாட்டார்கள்.

புதுப்பெயின்ட் | 10 நவம்பர், இரவு 9:14

திருத்திய லிஸ்ட். டெர்மினேட்டர் கவசத்தில் கேப்டன், இன்டர்செஸர் 5 இரண்டு யூனிட், ஸ்கவுட் 5 இரண்டு, இன்ஃபில்ட்ரேட்டர் 5, ரிடெம்ப்டர் இரண்டு, பாலிஸ்டஸ் இரண்டு, இன்செப்டர் 3 இரண்டு, எராடிகேட்டர் 3, பிளேட்கார்ட் 6, டெர்மினேட்டர் 5. லேண்ட் ரெய்டர், விர்ல்விண்ட், விண்டிகேட்டர், டெவஸ்டேட்டர், ஹெல்பிளாஸ்டர், அவுட்ரைடர், லெப்டினன்ட் எல்லாம் வெளியே. மனசு வலிக்கிறது, லேண்ட் ரெய்டருக்கு ஒரு மாதம் பெயின்ட் அடித்தேன்.

பகடைக்காய் | 11 நவம்பர், காலை 7:05

லேண்ட் ரெய்டர் அலமாரியில் அழகாக இருக்கும் என்று அன்றைக்கே சொன்னேன்.

இது படை. ஸ்கவுட் இரண்டும் மூலைக்கு. எதிரியின் டர்ன் முடிவில் பக்கத்தில் 6 அங்குலத்துக்குள் எதிரி யாரும் இல்லை என்றால் அவர்களை மேசையிலிருந்து எடுத்து ரிசர்வில் வைத்து அடுத்த டர்னில் வேறு ஓரத்தில் கொண்டுவரலாம். கார்டு எதிர் மூலையைக் கேட்டால் நடக்க வேண்டியதில்லை. ஆக்‌ஷன் செய்யும் செகண்டரிகளையும் அவர்களுக்கே கொடு. ஆக்‌ஷன் தொடங்கிய யூனிட் சுட முடியாது, சார்ஜ் போட முடியாது. ரிடெம்ப்டரைக் குனிந்து சிக்னல் பார்க்க வைத்தால் ஒரு சுற்றுத் துப்பாக்கி வீண், ஸ்கவுட்டை வைத்தால் நாலு போல்ட் குண்டு வீண்.

ஒரே சந்தேகம் டெர்மினேட்டர். கேப்டனோடு சேர்ந்து 280 புள்ளி ஒரே கூடை. துரத்தும் வேலைக்குப் பிளேட்கார்ட் 6 இருக்கிறார்கள். அதனால் இருவர் ஆகிவிட்டது, அப்படியே இருக்கட்டும். மூன்று பயிற்சி ஆட்டம் ஆடு: ஒன்று நைட்ஸ் மாதிரி வண்டிப்படையோடு, ஒன்று ஆர்க்ஸ் மாதிரி கூட்டத்தோடு, ஒன்று கஸ்டோடிஸ் மாதிரி சின்ன, கனமான படையோடு. ஜெயித்தாயா என்று எழுதாதே. ஏழு வேலையில் எது எந்தச் சுற்றில் ஆளில்லாமல் போனது என்று மட்டும் எழுது.

மூலைக்கோபுரம் | 22 டிசம்பர், மாலை 4:18

இழையைத் தட்டி எழுப்புகிறேன். புதுத் திருத்தத்தில் ஓத் மாறிவிட்டது. கோடெக்ஸ் (ஸ்பேஸ் மரீன் பொதுப் புத்தகம்) டிட்டாச்மென்ட் ஆடுகிற, தனிப் புத்தகம் உள்ள சாப்டர்களின் யூனிட் கலக்காத படைக்கு வூண்டிலும் ஒன்று கூடுகிறது. கணக்கு மறுபடி போட வேண்டும் அண்ணே.

பகடைக்காய் | 22 டிசம்பர், இரவு 11:40

போட்டேன். ஓத் வைத்த ரிடெம்ப்டர் மேல் லேஸ்கேனன் வூண்ட் 3+ என்பது 2+ ஆகிறது. 8/9 × 5/6 × 2/3 = 0.494. நாலு குண்டுக்கு 6.9 டேமேஜ்; முன்பு 5.5. நாலும் வீணாகும் வாய்ப்பு 6.6 சதவீதம். மெல்டாவுக்கு இன்னும் பெரிய லாபம்: டஃப்னஸ் 10, 12 மேல் 5+ இருந்தது 4+. அக்டோபர் 22-இல் ‘வெறும் மெல்டா சரியில்லை’ என்று சொன்னதை ஓத் வைத்த எதிரிக்கு மட்டும் வாபஸ் வாங்குகிறேன். மற்ற யூனிட்டுகள் மேல் அது பழையபடிதான். பாலிஸ்டஸை லிஸ்டிலிருந்து நீக்காதே.

பகடைக்காய் | 23 டிசம்பர், காலை 6:30

போட்டிக்கு முன் கடைசியாக ஒன்று. ரிடெம்ப்டர் பேஸ் 90 மிமீ, அதாவது 3.54 அங்குலம். காலாட்படை ரூயின் (இடிந்த கட்டடம்) சுவருக்குள் நடந்து போகும், ரிடெம்ப்டர் போகாது. அமைப்பாளர்கள் டெர்ரெய்ன் வரைபடம் முன்கூட்டியே கொடுத்தால் அட்டையில் 90 மிமீ வட்டம் இரண்டு வெட்டி, ரூயின்களுக்கு நடுவே ஒவ்வொரு சந்திலும் ஓட்டிப் பார். 3.5 அங்குலச் சந்து கண்ணுக்குப் போதும் என்று தோன்றும், பேஸ் சிக்கும். இரண்டு ரிடெம்ப்டரையும் ஒரே சந்துக்குப் பின்னால் இறக்கிவிட்டால் முன்னாலிருப்பது சாகும்வரை பின்னாலிருப்பது பார்வையாளர்தான்.